சூடேறிய டேப்லெட்டும் பாக்கியம் அக்காவின் கொழுந்தும்

போன மாதம் பழைய ஆபீஸ் பக்கம் எட்டிப் பார்த்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் என்னைப் பிடித்து உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டீர்கள். "அங்கிள், இப்ப வர்ற டேப்லெட்ல லேப்டாப்புல போடுற அதே சிப்பு வருதாம். தோட்டத்துக்கு அத வாங்கச் சொல்லலாமா? அவ்வளவு சக்தியும் ஒரு டேப்லெட்டுக்கு உபயோகப்படுமா?" நான் டீயைக் குடித்து முடித்து, "யோசிச்சுச் சொல்றேன் லா" என்று நழுவிவிட்டேன். உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை. பதில் எனக்கு நன்றாகவே தெரியும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வெட்கமாக இருந்தது. எழுதும்போது அந்தச் சங்கடம் இல்லை. அதனால் மலையூரான ரிங்லெட்டில் என் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன். உங்கள் நியமனக் கடிதத்தில் ஏதேதோ எக்ஸிக்யூட்டிவ் என்று போட்டிருப்பார்கள். லைன் வீடுகளில் இருக்கும் தொழிலாளிகளுக்கு நீங்களும் கிராணிதான், பழகிக்கொள்ளுங்கள். காகிதமும் தராசுமாக ஆரம்பித்த வேலையை நான் டேப்லெட்டோடு முடித்தேன். புதுச் சாமான் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். தோட்டத்தில் முதன்முதலில் கால்குலேட்டர் வைத்திருந்தவன் நான்தான். அதைத் தொடக்கூட யாரையும் விடமாட்டேன். அந்தப் பைத்தியம் இந்தக் கதையில் பெரிய பங்கு வகிக்கிறது.

கொழுந்தின் தரம் பார்ப்பது எப்படி என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். பெண்கள் மலையில் கத்தரி போட்டு வெட்டிக் கொண்டுவரும் கொழுந்தை நிறுவைக் கொட்டகையில் நிறுத்ததும், மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளி வெள்ளைத் தட்டில் பரப்புவோம். இளசு எவ்வளவு, முற்றல் எவ்வளவு என்று பார்ப்போம். என் காலத்தில் கங்காணியும் நானும் கண்ணால் பார்த்துச் சொன்னோம். கண்ணால் பார்த்தால் பேச்சு வரும். கங்காணி தன் மச்சினிக்கு நல்ல மார்க் போடுகிறார் என்பார்கள். கிராணிக்கு யார் வடை கொடுத்தார்கள் என்பார்கள். இந்தப் பேச்சுக்கு முடிவு கட்டத்தான் தலைமை ஆபீசில் ஒரு புரோகிராம் வாங்கினார்கள். தட்டை டேப்லெட்டால் படம் பிடித்தால் போதும், இளசு என்றால் பச்சை, நடுத்தரம் என்றால் மஞ்சள், முற்றல் என்றால் சிவப்பு என்று திரையில் காட்டிவிடும்.

எங்கள் கொட்டகை பள்ளத்தில் இருக்கிறது. அங்கே இன்டர்நெட் கிடைக்காது. ஆகவே கணக்கெல்லாம் டேப்லெட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். இரண்டு டேப்லெட்டுகளைக் காட்டினார்கள். ஒன்று சாதாரணம். மற்றது அந்த வருடத்தில் கிடைத்ததிலேயே வேகமான சிப் வைத்தது. நான் இரண்டாவதுக்காக ஒற்றைக் காலில் நின்றேன். தோட்ட மேனேஜரான துரைக்கு ஒரு ரிப்போர்ட்டே எழுதிக் கொடுத்தேன். "இதன் சக்தியைச் சந்தேகிக்க இடமில்லை, மனிதக் கண் இதன் பக்கத்தில் நிற்க முடியாது" என்று அதில் ஒரு வரி. அந்த வரியை எழுதியபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

ஆபீசில் வைத்துச் சோதித்துப் பார்த்தோம். ஒரு தட்டு, ஒரு படம். கண்ணை மூடித் திறப்பதற்குள் பச்சை வந்துவிட்டது. துரை தலையாட்டினார். பினாங்கிலிருந்து வந்தவர், என் மகன் வயதுதான் இருக்கும், ஆனால் அவசரப்பட மாட்டார். "நல்லா இருக்கு கிராணி, நீங்களே பாத்துக்குங்க" என்றார். ஒரு தட்டை வைத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுவதற்கும் சரி என்று முடிவு செய்துவிட்டோம் என்பது அப்போது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அடுத்து நான் செய்ததைத் தேயிலைத் தோட்டத்துக்காரனைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். நமக்கு ஜென்ம விரோதி ஈரம். பனி, சாரல், ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும் மூடுபனி. தோட்டத்தில் எது நனைந்தாலும், ஃபேக்டரியில் தேயிலையைச் சூடான காற்றில் காயவைக்கும் டிரையர் ரூமுக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். ரெயின்கோட், பூட்ஸ், பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம் எல்லாம் அங்கே காயும். விலை உயர்ந்த அந்த டேப்லெட்டை நான் சும்மா விடுவேனா? முதலில் தடித்த ரப்பர் உறை. அதற்கு மேல் பிளாஸ்டிக் பை, கேமராவுக்கு மட்டும் ஒரு ஓட்டை. முதுகில் பவர்பேங்க்கை வைத்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். காலையில் கொட்டகைக்குக் கொண்டுபோவதற்கு முன் ஒரு மணி நேரம் டிரையர் ரூம் அலமாரியில் வைத்து உள்ளே இருக்கும் ஈரத்தைப் போக்கினேன். "கிராணி டேப்லெட்டுக்கும் தேயிலைக்கும் வித்தியாசம் பாக்க மாட்டாரு" என்று ஃபேக்டரியில் கேலி செய்தார்கள். நான் பெருமையாகச் சிரித்துக்கொண்டேன்.

புரோகிராம் ஓட ஆரம்பித்தது. பேச்சும் நின்றது. மெஷின் சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவது? கங்காணி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெண்களே ஒரு கை அள்ளித் தட்டில் பரப்ப, நான் ஒவ்வொரு தட்டாகப் படம் பிடித்தேன், மறுநாள் காலை பேர் கூப்பிடும் பெரட்டில் நிறத்தைச் சத்தமாகப் படித்தேன். இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு பெயருக்குத் தினமும் தவறாமல் சிவப்பு வர ஆரம்பித்தது. அந்தப் பெயர் பாக்கியம்.

பாக்கியம் அக்காவை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்தக் கூட்டத்திலேயே மூத்தவர். ஓய்வு வயதைத் தாண்டியும் வருடா வருடம் ஒப்பந்தம் போட்டு வேலை பார்த்துவந்தார். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. பிறந்ததிலிருந்து அதே லைனில்தான் வாசம். லைன் வீடு வேலையோடு சேர்ந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை என்றால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி யாராக இருந்தாலும் தொடர்ந்து சிவப்பு வாங்கினால் மறுபடி புதுப்பிக்க வேண்டாம் என்று அந்த வருடம் தலைமை ஆபீசிலிருந்து உத்தரவு வந்திருந்தது. பெயர்ப் பட்டியல் என் கையெழுத்தோடு போக வேண்டும்.

ஒரு நாள் காலையில் பெரட்டு முடிந்து, அவரவருக்கு மலை பிரித்துக் கொடுத்த பிறகு, அக்கா என்னிடம் வந்தார். தலையில் சுற்றிய துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"கிராணி, ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்கக்கா."

"நானும் அஞ்சலையும் ஒரே மலையில, பக்கத்துப் பக்கத்து நெரையில வெட்டுறோம். அவளுக்குப் பச்ச வருது. எனக்குச் செவப்பு வருது. என் மூட்டையையும் அவ மூட்டையையும் நீங்களே கையில அள்ளிப் பாருங்களேன்."

"அக்கா, கண்ணால பாத்தாத்தான சண்டை வருதுன்னு மெஷின் வாங்குனது? மெஷினுக்கு மச்சினி கிடையாது. அது ஆளு பாத்துச் சொல்லாது."

"அது சரி" என்றார் அவர். துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். கோபப்பட்டிருந்தால் நான் இரண்டாம் முறை யோசித்திருப்பேன். அவர் கோபப்படவில்லை. வயதாகிறது, கண் மங்கியிருக்கும், முற்றலையும் சேர்த்து வெட்டுகிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பட்டியலில் முதல் பெயராக அவர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமை துரை மேசையில் வைத்தேன். திங்கட்கிழமை பத்து மணிக்குத் தலைமை ஆபீசோடு அவர் போனில் பேசி அதை உறுதி செய்வதாக ஏற்பாடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கம்போங் ராஜா டவுனுக்குப் போனது டேப்லெட் சரியாகச் சார்ஜ் ஏறவில்லை என்பதற்காக. மற்றபடி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பின்னால் சிலர் கிராணி துப்பறிந்து கண்டுபிடித்தார் என்று கதை கட்டினார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை.

அங்கே பூக்கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹேண்ட்போன் கடை. கடையை நடத்தியவர் ஒரு பெண், என்னைவிட இருபது வயது இளையவர். தன் பெயரை எங்கேயும் எழுதக்கூடாது என்று பிறகு கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. இந்த விஷயத்தில் எனக்குக் குரு அவர்தான். நான் டேப்லெட்டை உறையோடும் பையோடும் பவர்பேங்க்கோடும் மேசையில் வைத்ததும் அவர் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டது தெரிந்தது.

"அண்ணே, இது என்ன, பிள்ளப்பெத்தவளுக்குப் போட்ட மாதிரி இவ்வளவு சுத்தியிருக்கீங்க?"

"ஈரம் இறங்கும்மா. நம்ம ஊர்ப் பனி தெரியாதா?"

அவர் எல்லாவற்றையும் கழற்றி வைத்தார். ரப்பர் உறையின் உள்பக்கம் ஒரு மாதிரி இளகிப்போயிருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இத வச்சு என்ன வேல செய்றீங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

"ஒரே மூச்சுல எத்தன தட்டு புடிப்பீங்க?"

"ஆளு வந்துகிட்டே இருப்பாங்க. அறுபது, எழுபது தட்டு."

"சார்ஜ் போட்டுக்கிட்டேவா?"

"ஆமா."

 அவர் வெளியே ரோட்டைக் காட்டினார். காய்கறி ஏற்றிய லோரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. "அண்ணே, கீழ தாப்பாவுலேருந்து ரிங்லெட்டுக்கு லோரி மலை ஏறுது. இஞ்சின் எவ்வளவு பெருசா இருந்தாலும் ரேடியேட்டர் இல்லன்னா எத்தன வளைவு ஏறும்? இதுக்குள்ள காத்தாடி கிடையாது லா. அஞ்சு நிமிஷம் பறக்கும். அப்புறம் சூடு தாங்காம, தாஹான் பண்ண முடியாம, தன்னைக் காப்பாத்திக்க தானாவே வேகத்தக் கொறச்சுக்கும். நீங்க அதுக்குக் கம்பளி வேற போத்தியிருக்கீங்க."

"வேகம் கொறஞ்சா என்ன, ரெண்டு செகண்ட் லேட்டா சொல்லும். அவ்வளவுதானே?"

"இந்தப் புரோகிராம் காத்திருக்குமா?" என்று கேட்டுவிட்டு அவர் செட்டிங்ஸைத் திறந்தார். அதுவரை நான் திறந்து பார்க்காத பக்கம் அது. அதில் சோதனை இரண்டு வகை என்று போட்டிருந்தது: முழுச் சோதனை, விரைவுச் சோதனை. குறிப்பிட்ட நேரத்துக்குள் முழுச் சோதனை முடியாவிட்டால் தானாக விரைவுச் சோதனைக்கு மாறிவிடும். மாறியதைத் திரையில் சொல்லாது. "விரைவுன்னா படத்தச் சின்னதாக்கி மேலோட்டமா பாக்கும் அண்ணே. மொட்டு எது, முத்துன எல எதுன்னு அதுக்கு அவ்வளவா பிரிக்கத் தெரியாது" என்றார்.

அவருக்கு நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை. காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழியில் கோலா தெர்லாவில் காய்கறி லோரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு சாமான் ஏற்றின. அந்த நெரிசலில் ஓரமாக நிறுத்திவிட்டு, டேப்லெட்டில் இருந்த பழைய படங்களை நேர வரிசையில் தள்ளிப் பார்த்தேன். முதல் முப்பது நாற்பது தட்டும் பச்சை. பிறகு இடையிடையே மஞ்சள். கடைசியில் சிவப்பு. எந்த நாளை எடுத்தாலும் அப்படித்தான். கடைசிக்கு முந்தைய மூட்டைகள் மழை பெய்து குளிர்ந்த நாட்களில் பிழைத்துக்கொண்டன. கடைசி மூட்டை மட்டும் பிழைக்கவே இல்லை.

அந்தக் கடைசி மூட்டை யாருடையது என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நம் தோட்டத்தில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. நிறுவைக்கு வரும்போது கைப்பிள்ளைக்காரிகள் முதலில். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டியவர்கள் அடுத்து. மூத்தவர் கடைசி. பாக்கியம் அக்காவுக்கு முன்னால் கூட்டத்தில் மூத்தவராக இருந்தவரும் அப்படித்தான் நின்றார், அவருக்குப் பின் இவர் நின்றார். மற்றவர்கள் வீட்டுக்குப் போய் உலை வைக்கட்டும் என்று விட்டுக்கொடுத்து நின்ற மனுஷியைத்தான் நான் முற்றல் வெட்டுகிறவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். காரில் உட்கார்ந்து அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பின்னால் நின்ற லோரிக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பதே கால் மணி. அக்காவின் நிரையிலிருந்து அப்போதுதான் வெட்டிய கொழுந்தைக் கங்காணி ஒரு தட்டில் கொண்டுவந்து கொடுத்தார். தட்டையும் டேப்லெட்டையும் எடுத்துக்கொண்டு துரையின் அறைக்குப் போனேன். எனக்கு ஓய்வு பெற ஆறு மாதம்தான் இருந்தது. பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, அந்த யோசனையும் வராமல் இல்லை. வழியில் இரண்டு தரம் வந்தது.

விஷயத்தைச் சொன்னேன். துரை உடனே புரோகிராம் விற்றவர்களுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பேசியவர், "சார், இந்த மாடல்ல உள்ள சிப்பு ரொம்பப் பவர்ஃபுல், எங்க புரோகிராம் அதுல பாதியக்கூட தொடாது" என்றார். நான் என் ரிப்போர்ட்டில் எழுதியதையே எனக்குத் திருப்பிச் சொல்கிறார் என்று பட்டது.

துரை போனை வைத்தார். "கிராணி, பத்து மணிக்கு நான் பேசணும். இப்ப எனக்குக் காட்டுங்க."

படம் பிடித்தேன். பச்சை. தட்டை ஒரு குலுக்குக் குலுக்கி மறுபடி பிடித்தேன். பச்சை. உறை, பை, பவர்பேங்க் எல்லாவற்றையும் கொட்டகையில் இருப்பது போலவே மாட்டிக்கொண்டு தொடர்ந்து பிடித்தேன். பத்து, பதினைந்து, இருபது. எல்லாம் பச்சை. திறந்திருந்த ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்தக் குளிரில் இது சூடேறவே ஏறாதோ என்று பயந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நல்ல சாமான் கெட்டுப்போக வேண்டும் என்று முனியாண்டியை வேண்டிக்கொண்டேன்.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் துரை.

"கொட்டகையில யாரும் இருபதோட நிறுத்துறதில்ல துரை. கடைசி ஆளு வர்ற வரைக்கும் புடிக்கணும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்காக இன்றுவரை அவருக்கு நன்றி சொல்கிறேன். என்னை நம்பினார் என்றுகூடச் சொல்ல மாட்டேன். என்னை முடிக்க விட்டார், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு அதுதான் தேவைப்பட்டது.

முப்பத்தொன்றாவது படத்துக்கு மூன்று விநாடி ஆனது. முப்பத்தெட்டில் மஞ்சள். நாற்பத்தொன்றில் சிவப்பு. அதே தட்டு, அதே கொழுந்து. துரை எழுந்து வந்து தன் கையாலேயே தட்டைக் குலுக்கிப் படம் பிடித்தார். சிவப்பு. மறுபடி. சிவப்பு. எல்லா உடுப்பையும் கழற்றி டேப்லெட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தோம். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். போன் அடித்தது. "ஒரு பத்து நிமிஷம்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆறிய பிறகு பிடித்தபோது பச்சை வந்தது.

"இந்த டேப்லெட்டத்தான் வாங்கணும்னு எழுதுனது நீங்க" என்றார்.

"ஆமா துரை. கம்பளி போத்துனதும் நான்தான். பாக்கியம் அக்கா வந்து சொன்னப்ப கேக்காததும் நான்தான்."

அவர் தலைமை ஆபீசுக்குப் போன் போட்டபோது நான் வெளியே போகப் பார்த்தேன். உட்காரச் சொன்னார். "பட்டியல் வராது. நாங்க சரியா சோதிக்காம விட்டுட்டோம்" என்றார் போனில். அந்த 'நாங்க' என்ற சொல்லை நான் மறக்கவே மாட்டேன். நாளைக்கு உங்கள் கீழே நாலு பேர் வேலை செய்யும்போது, அந்தச் சொல்லை எப்போது சொல்ல வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டேப்லெட்டைத் தூக்கி எறியவில்லை. உடுப்பையெல்லாம் கழற்றிவிட்டு, கொட்டகையில் நிழலான தூணில் கம்பிவலைத் தாங்கி ஒன்று அடித்து, முதுகில் காற்றுப் படும்படி மாட்டினோம். சார்ஜைக் காலையிலேயே முழுதாக ஏற்றிவிட்டு, வேலை நேரத்தில் வயரைக் கழற்றினோம். பத்துத் தட்டுக்கு ஒரு தரம் ஓய்வு. விரைவுச் சோதனைக்கு மாறினால் கொட்டை எழுத்தில் சொல்ல வேண்டும் என்று புரோகிராம்காரர்களிடம் துரை அடம்பிடித்து மாற்ற வைத்தார். அதற்குப் பிறகும் சிவப்பு வந்தால், கங்காணி ஒரு கை அள்ளிப் பார்த்த பிறகுதான் எழுதுவது என்று வைத்தோம். சாரல் அடித்த நாட்களில் ஒரு பழைய துண்டால் துடைத்துக்கொண்டோம். ஈரத்தால் ஒன்றும் ஆகவில்லை. அதை ஈரம் தாங்கும்படிதான் செய்திருக்கிறார்கள் என்று பெட்டிக்குள் இருந்த தாளிலேயே போட்டிருந்தது. அந்தத் தாளை நான் அப்போதுதான் படித்தேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெரிய சிப்பின் முழுச் சக்தியையும் டேப்லெட் பயன்படுத்துமா? பயன்படுத்தும், கொஞ்ச நேரம். ஒரு படம், ஒரு கணக்கு, டக்கென்று முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் வேலை என்றால் லேப்டாப்புக்கு ஈடு கொடுக்கும். மணிக்கணக்கில் மூச்சுவிடாமல் ஓட வேண்டிய வேலை என்றால், அந்தச் சக்தியில் பெரும்பகுதி பெட்டிமேல் எழுதியிருப்பதோடு சரி. அந்தத் தட்டையான உடம்புக்குள் சூடு போக வழியில்லை. பாதிப் புரோகிராம்களுக்கு அந்தச் சக்தியைக் கேட்டு வாங்கத் தெரியாது. வேறொன்றைத் திறந்தால் பின்னால் ஓடிக்கொண்டிருப்பதை அதுவே நிறுத்திவிடும். வாங்கவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சாதாரணமானதை வாங்கியிருந்தால் முதல் தட்டிலிருந்தே தடுமாறியிருக்கும், நாங்களும் உடனே கண்டுபிடித்திருப்போம். சக்தி உள்ளது முதலில் நன்றாக ஓடிக் காட்டியதால்தான் நான் ஏமாந்தேன். ஆகவே கடைக்காரர் ஒரு தட்டு வைத்துக் காட்டினால் நீங்கள் எழுபது தட்டு வையுங்கள். ஆபீசில் காட்டினால் கொட்டகைக்குக் கொண்டுபோங்கள். எழுபதாவது தட்டு சரியாக வந்தால் தாராளமாக வாங்கச் சொல்லுங்கள்.

பட்டியல் நின்றுபோன மறுநாள் பெரட்டில், எல்லோரும் நிற்கும்போதே பாக்கியம் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். சிவப்பு என்று எல்லோர் முன்னாலும்தானே சத்தமாகப் படித்தேன், மன்னிப்பையும் அங்கேதான் கேட்க வேண்டும் என்று தோன்றியது. டேப்லெட் எப்படிச் சூடானது, வரிசையில் கடைசியாக நின்றவரை அது எப்படிக் கெடுத்தது என்று தெரிந்த மட்டும் விளக்கினேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அஞ்சலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒப்பந்தம் புதுப்பித்தாகிவிட்டது, வீட்டைப் பற்றிய கவலை வேண்டாம் என்று துரையும் சொன்னார்.

கூட்டம் கலைந்து மலைக்கு நடக்க ஆரம்பித்தபோது நான் அக்காவின் பக்கத்தில் போனேன். இத்தனை வாரத்தில் ஒரு நாளாவது வரிசையில் முன்னால் வந்து நின்றிருந்தால் பச்சை வந்திருக்குமே என்ற ஆற்றாமை எனக்கு.

"அக்கா, அன்னைக்கு நான் அப்படிப் பேசுனதும் நீங்க ஒரு வார்த்த சண்ட போட்டிருக்கலாமே. துரைகிட்டயாவது போயிருக்கலாமே. வீடே போயிருக்கும்."

அவர் கத்தரியை இடுக்கிக்கொண்டு துண்டை இறுக்கிக் கட்டினார்.

"பட்டியல்ல பேரு வந்திருந்தா துரைகிட்டப் போயிருப்பேன் கிராணி. ஆனா என் கொழுந்து எனக்குத் தெரியும். முப்பது வருஷமா அள்ளிப் பாத்த கை உங்க கை. அது ஒரு நாளைக்காவது என் மூட்டைக்குள்ள வரும்னு நெனச்சுத்தான் தெனமும் நின்னேன்."